மழைக்கால ஓட்டத்துக்குப் புறப்படும் பந்திங் அன்பர்களுக்கு

பந்திங்கிலும் தெலுக் டத்தோக்கிலும் மோரிப் சாலையோரத்து ஊர்களிலும் கேரித் தீவுத் தோட்டங்களிலும் இருந்துகொண்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் பொழுது புலருமுன்னரே எழுந்து நெடுந்தூரம் ஓடிப் பழகி வரும் இளைஞர்களே, யுவதிகளே! ஆண்டுக் கடைசியில் கிள்ளானிலும் கோலாலம்பூரிலும் நடைபெறும் ஓட்டங்களில் எதற்குப் பெயர் கொடுப்பது, யார் யார் சேர்ந்து போவது, எவருடைய காரில் போவது என்றெல்லாம் நீங்கள் இப்போது கலந்து பேசிக்கொண்டிருப்பீர்கள் என்பதை அறிவேன். அந்தப் பேச்சு முடிந்து, கட்டணமும் கட்டி, சட்டையின் அளவையும் எழுதிக் கொடுத்துவிட்ட பிறகு ஒருவர் வந்து எதைச் சொன்னாலும் அது காதில் ஏறாது என்பதையும் அறிவேன். ஆகையால், உங்கள் தீர்மானங்கள் உறுதிப்படுவதற்கு முன்பே, உங்களில் பலருக்குத் தமிழ்ப்பள்ளியில் பாடம் சொன்ன உரிமையைக் கொண்டு, என் மனத்தில் உள்ளதை உங்கள் முன் வைத்துவிட விரும்புகிறேன்.

மழை வருகிறதே, ஓட்டத்தை விட்டுவிடுங்கள் என்று சொல்ல நான் வரவில்லை. அப்படிச் சொல்வதற்கு உங்கள் வீட்டிலேயே ஆட்கள் இருக்கிறார்கள். தலை நனைந்தால் ஜலதோஷம், கால் நனைந்தால் காய்ச்சல், விடிகாலை இருட்டிலே மழையில் ஓடுவதற்கு உனக்கு என்ன பைத்தியமா என்று கேட்கும் பாட்டியும் தாயாரும் இல்லாத வீடு நம்மிடையே அபூர்வம். அவர்கள்மீது நீங்கள் கோபங்கொள்ளலாகாது. அந்த அச்சத்துக்கு ஒரு சரித்திரம் உண்டு. பால்மரக் காட்டில் உழைத்த குடும்பங்களுக்கு விடியற்கால மழை என்றால் அன்றைய கூலி போயிற்று என்று அர்த்தம். மரத்தின் பட்டை ஈரமாயிருந்தால் பால் வெட்டுக் கோட்டில் ஓடாமல் பட்டையெங்கும் பரவி வழிந்துவிடும். கோப்பையில் விழுந்த பாலிலோ மழைநீர் கலந்து கெட்டுவிடும். ஆதலால் ஆள்கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போனவர்கள் வெறுங்கையோடு லயத்துக்குத் திரும்புவார்கள். அவ்விதம் நாலைந்து நாள் அடுத்தடுத்துப் பெய்துவிட்டால் கடைக்கணக்கு ஏறும், அடுப்பு எரிவது குறையும், ஒழுகும் கூரையின் கீழே குழந்தைக்குச் சுரம் கண்டால் தோட்டத்து மருந்துக்கடையைத் தவிர வேறு கதி இராது. மழையைக் கண்டு முகம் சுளிக்கும் வழக்கம் இப்படித்தான் நம் பாட்டிமாரின் இரத்தத்தில் ஊறிற்று. பால்மரம் போய்ச் செம்பனை வந்து, செம்பனையும் பல இடங்களில் போய் வீடமைப்புப் பகுதிகள் வந்துவிட்ட பின்னரும், அந்தப் பயம் மட்டும் லயத்திலிருந்து அடுக்குமாடிக்குக் குடிபெயர்ந்து வந்திருக்கிறது. அதைப் பழிக்காமல், பொறுமையோடு அவர்களிடம் எடுத்துச் சொல்லுங்கள்.

என்ன சொல்வது என்று கேட்பீர்களாயின், இந்த உஷ்ண பூமியில் நெடுந்தூரம் ஓடுபவனுக்கு வெயிலைக் காட்டிலும் மழை எவ்வளவோ தயையுள்ளது என்று சொல்லுங்கள். 42.195 கிலோமீட்டர் ஓட்டத்தை நம் தலைநகரில் விடியற்காலை நான்கு மணிக்கு முன்பின்னாகவே தொடங்கிவிடுவதற்குக் காரணம் என்ன? சூரியன் உச்சிக்கு ஏறும்வரை சாலையில் இருப்பவர்களின் சரீரம் உள்ளிருந்து எழும் வெப்பத்தை வெளியேற்ற இயலாமல் தவிக்கும் என்பதுதான். காற்றிலே ஈரப்பசை மிகுந்த நம் தேசத்தில் வியர்வை எளிதில் உலர்வதில்லை. உலராத வியர்வை உடலைக் குளிர்விப்பதுமில்லை. மிதமாகப் பெய்யும் மழை அந்தத் தொல்லையைப் பெரிதும் குறைத்துவிடுகிறது. நனைந்த காலுறை உராய்ந்து கொப்புளம் உண்டாக்கும், சாலையில் வரைந்திருக்கும் வெள்ளைக் கோடுகள் வழுக்கும், ஓட்டம் முடிந்து நின்றவுடன் ஈர ஆடையோடிருந்தால் நடுக்கம் காணும் என்பன உண்மை; ஆயினும் இவை யாவும் முன்யோசனையினால் சமாளிக்கத்தக்க அசௌகரியங்களே. மாற்றுடையும் துண்டும் காரில் இருந்தால் போதும். பாட்டியின் கவலையில் பாதி தீர்ந்துவிடும்.

ஆகவே உங்கள் தைரியத்தைப் பற்றி எனக்குக் குறையொன்றும் இல்லை. என் மனக்குறை வேறு. அதைத்தான் இனிச் சொல்லப்போகிறேன்.

சென்ற மழைக்காலத்தில் நடந்த ஓட்டமொன்றைக் காண நானும் வந்திருந்தேன். எந்த ஓட்டம், எந்த ஊர் என்பது இங்கே அவசியமில்லை. புறப்படும்போது நீங்கள் ஒரே நிறச் சட்டை அணிந்து, தோளோடு தோள் சேர்த்து நின்று படம் எடுத்துக்கொண்டீர்கள். பாதி தூரத்தில் வானம் கிழிந்தாற்போல மழை கொட்டத் தொடங்கிற்று. முடிவுக் கோட்டுக்கு நீங்கள் வந்து சேர்ந்தபோதோ ஒவ்வொருவராக, முன்னே போனவர் எங்கே, பின்னே வருபவர் எங்கே என்று ஒருவருக்கொருவர் அறியாதவர்களாய் வந்தீர்கள். வந்தவர்கள் முதலில் பார்த்தது கைக்கடிகாரத்தை. பதக்கம் வாங்கி, பழம் வாங்கி, மைலோ வாங்கிக் குடித்து, நேரக் கணக்கை நண்பர்களுக்கு அனுப்பி முடித்த பிறகுதான், உங்களோடு புறப்பட்டவர்களில் ஒருவர் இன்னும் வரவில்லை என்ற நினைவு உங்களில் ஒருவருக்கு வந்தது. அந்தப் பிள்ளை கெண்டைக்கால் பிடித்துக்கொண்டு, ஒரு பேருந்து நிறுத்தத்தின் தகரக் கூரைக்கடியில், நனைந்த உடம்போடு நெடுநேரம் ஒடுங்கி உட்கார்ந்திருந்திருக்கிறான். உங்களில் சிலர் அவனைத் தாண்டித்தான் ஓடி வந்திருக்கிறீர்கள். ஒருவர் கையசைத்துவிட்டும் வந்திருக்கிறார். அவன் உங்களைப் பற்றிக் குறையாக ஒரு வார்த்தை சொல்லவில்லை; ஆனால் அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் வருவதில்லை என்பதை நீங்கள் கவனித்தீர்களோ இல்லையோ, நான் கவனித்தேன்.

நீங்கள் கல்நெஞ்சர்கள் அல்லர் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். 2021ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்திலே, ஷா ஆலாமில் ஸ்ரீ மூடா வட்டாரம் நீரில் மூழ்கிக் கிடந்தபோது, நம் கோலா லங்காட் மாவட்டத்திலும் குடும்பங்கள் நிவாரண மையங்களில் தங்கியிருந்தபோது, அரிசியும் துணியும் சுமந்துகொண்டு இடுப்பளவு நீரில் இறங்கிய இளைஞர் கூட்டம் உங்களைப் போன்றதுதான். வீட்டுக்குள் வெள்ளம் புகுந்த அந்நியனுக்காக நனையத் தயங்காத உள்ளம், தன் தோழனுக்காகப் பத்து நிமிஷம் நின்று நனையத் தயங்கியதற்குக் காரணம் குணக்கேடு அன்று என்றே கருதுகிறேன். ஓட்டம் என்றாலே தனித்தனியாக அளக்கப்படும் காரியம் என்ற எண்ணம் உங்களுக்குள் யாரும் சொல்லாமலே புகுந்துவிட்டது. கையிலே கட்டிய கடிகாரமும், காலணியில் முடிந்த கணக்கிடும் கருவியும், வாராவாரம் ஒப்பிட்டுப் பார்க்கும் வழக்கமும் சேர்ந்து, சிநேகத்துக்காகத் தொடங்கிய காரியத்தைச் சிறுகச் சிறுகப் போட்டியாக மாற்றிவிட்டன. நல்ல வெயில் நாளில் இந்த மாற்றம் கண்ணுக்குத் தெரிவதில்லை. மழை பிடித்துக்கொண்டால் தெரிந்துவிடுகிறது.

போட்டியில் வெல்ல விரும்புபவர்கள் இப்படியெல்லாம் தோழமை பாராட்ட முடியுமா என்று உங்களில் வேகமுள்ளவர்கள் கேட்பீர்கள். அவர்களுக்கு 2018ஆம் ஆண்டு ஏப்ரல் 16ஆம் தேதி பாஸ்டன் நகரத்தில் நடந்ததைச் சொல்ல விரும்புகிறேன். அன்றைய தினம் அங்கே மூன்று நான்கு டிகிரிக் குளிர், எதிர்க்காற்று, அதனோடு விடாத மழை. உலகப் புகழ் பெற்ற ஓட்டக்காரர்கள் பலர் பாதி வழியில் நின்றுவிட்டார்கள். டெசிரே லிண்டன் என்ற அமெரிக்கப் பெண்மணிக்கும் தொடக்கத்திலேயே உடம்பு ஒத்துழைக்கவில்லை. தாம் ஓட்டத்தை முடிப்பது சந்தேகம் என்று தோன்றிவிட்டது. அவ்விதம் தோன்றியவுடன், உடன் ஓடிக்கொண்டிருந்த ஷலேன் பிளனகனிடம், உமக்கு ஏதாவது உதவி வேண்டுமானால் சொல்லும், நான் செய்கிறேன் என்று அவர் சொன்னார். சிறிது தூரம் சென்றபின் பிளனகன் வழியோரக் கழிப்பறைக்கு ஒதுங்க நேர்ந்தது. பந்தயத்திலே முன்னணியில் ஓடும் ஒருவர் ஒதுங்கினால் மற்றவர்கள் அந்தத் தருணத்தைப் பயன்படுத்திக்கொண்டு விலகிப் போவதே வழக்கம். லிண்டனோ வேகத்தைத் தணித்து, அவர் வெளியே வரும்வரை காத்திருந்து, காற்றை முன்னே நின்று தாம் தாங்கிக்கொண்டு, அவரைக் கூட்டத்தோடு மீண்டும் கொண்டுபோய்ச் சேர்த்தார். அதன் பின்னர் அவருடைய உடல் தேறிற்று. அன்றைய பெண்கள் பந்தயத்தில் அவரே முதலாவதாக வந்தார். 33 ஆண்டுகளுக்குப் பிறகு அந்தப் பந்தயத்தில் வென்ற அமெரிக்கப் பெண் அவர். ஆண்களில் அன்று முதலாவதாக வந்த ஜப்பானியர் யூக்கி கவாவுச்சியும் ஓட்டத்தையே பிழைப்பாகக் கொண்டவர் அல்லர். சைத்தாமா மாநிலத்துப் பள்ளியொன்றின் அலுவலகத்தில் உத்தியோகம் பார்த்துக்கொண்டே, கிடைத்த நேரத்தில் பயின்றவர். தொழிற்சாலையில் மூன்று ஷிப்டு வேலைக்கு நடுவே ஓடப் போகும் உங்களுக்கு இச்செய்தி உற்சாகம் தரும் என்று நம்புகிறேன்.

காத்திருந்தால் லிண்டனைப் போல் வெல்லலாம் என்று உங்களுக்கு ஆசை காட்ட இதைச் சொல்லவில்லை. காத்திருந்து தோற்றிருந்தாலும் அவர் செய்தது சரியான காரியந்தான். உலகத்தின் தலைசிறந்த பந்தயம் ஒன்றிலேயே ஒருவருக்கு நின்று திரும்பிப் பார்க்க நேரம் இருந்திருக்கிறதே, ஐந்து மணி நேரத்தில் முடித்தாலும் ஐந்தேகால் மணியில் முடித்தாலும் அதே பதக்கத்தைப் பெறப்போகிற நமக்கு அந்த நேரம் இல்லாமற் போவானேன் என்பதே என் கேள்வி.

இனி, தோழமை என்பது மனத்துக்கு இனிய குணம் மட்டும் அன்று, உயிர் காக்கும் உபாயமும் ஆகும் என்பதை நீங்கள் சிந்திக்க வேண்டும். 2021ஆம் ஆண்டு மே 22ஆம் தேதி சீன தேசத்துக் கான்சு மாகாணத்தில் மலைப்பாதையிலே நூறு கிலோமீட்டர் ஓட்டமொன்று நடந்தது. புறப்பட்டவர்கள் 172 பேர். மலையின் உயரத்தில் திடீரென்று ஆலங்கட்டியும் உறைமழையும் சூறைக்காற்றும் சேர்ந்து அடித்தன. மெல்லிய உடுப்போடு சென்றிருந்தவர்களில் 21 பேர் குளிரால் விறைத்து மாண்டார்கள். அத்தேசத்தின் மிகச் சிறந்த ஓட்டக்காரர்களும் அவர்களுள் இருந்தார்கள். காற்றைத் தாங்கும் மேலாடை அங்கே கட்டாயமாக வைத்திருக்க வேண்டிய பொருள்களில் சேர்க்கப்படவில்லை. அந்த மலையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த சூ கெமிங் என்பவர், தாம் ஒதுங்கியிருந்த குகைக்கு வெளியே வந்து, தடுமாறி நின்றவர்களை உள்ளே அழைத்துப்போய், நெருப்பு மூட்டி, போர்வை போர்த்து, ஆறு பேரைக் காப்பாற்றினார். நம் ஊரில் அவ்வளவு குளிர் என்றும் வராது. ஆனால் நமக்கென்று வேறு அபாயங்கள் இருக்கின்றன. அவற்றை நீங்கள் மழையோடு சேர்த்து ஒன்றாக எண்ணி, மழையை அலட்சியம் செய்வதுபோல் அவற்றையும் அலட்சியம் செய்துவிடுகிறீர்கள்.

முதலாவது இடி. உலகத்திலேயே மின்னல் மிகுந்த பிரதேசங்களுள் நம் கிள்ளான் பள்ளத்தாக்கும் ஒன்று. அக்டோபர், நவம்பர் மாதங்களின் பிற்பகல்களில் வானம் எப்படி இருளும் என்பதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மே முதல் செப்டம்பர் வரையில் மலாக்கா நீரிணையின்மேல் திரண்டு வரும் சுமத்திராக் காற்றோ, நீங்கள் ஓடப் புறப்படுகிற அதே விடியற்காலை வேளையில்தான் நம் கரையைத் தாக்குகிறது. மோரிப் சாலையின் திறந்த வெளியில், ஒரு பக்கம் செம்பனை, மறுபக்கம் வெறும் வயல் என்றிருக்கும் இடத்தில் மின்னல் பளிச்சிட்டால் என்ன செய்வீர்கள்? பளிச்சிட்டதிலிருந்து இடி கேட்கும்வரை எண்ணிப் பாருங்கள். முப்பது விநாடிக்குள் இடி கேட்டால் மின்னல் பத்துக் கிலோமீட்டருக்குள்ளே இருக்கிறது, உடனே கட்டடத்துக்குள்ளோ காருக்குள்ளோ புக வேண்டும், மரத்தடி ஆகாது, கடைசி இடி கேட்டு அரை மணி கழியும்வரை வெளியே வரலாகாது. இந்தக் கணக்கு உங்களில் பலருக்குத் தெரியும். தெரிந்தும் நிற்பதில்லை. ஏனென்றால், தனியாக ஓடுகிறவன் நின்றால் தோற்றுப்போகிறான்; அனைவரும் சேர்ந்து நின்றால் எவரும் தோற்பதில்லை.

இரண்டாவது, புகைமூட்டம். இதைப் பற்றிப் பந்திங் மக்களுக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. நம் மாவட்டத்துக் கரிசதுப்பு நிலத்தில் வாய்க்கால் வெட்டி நீரை வடித்துவிட்டால், உலர்ந்த அந்த மண் உள்ளுக்குள்ளேயே நாட்கணக்கில் கனன்று எரிவதை நீங்கள் கண்ணால் கண்டிருக்கிறீர்கள். அத்தகைய நிலத்திலுள்ள கோலா லங்காட் வடக்கு வனக் காப்பகத்தின் ஒரு பகுதியைக் காப்பகப் பட்டியலிலிருந்து நீக்கிய தீர்மானத்தைச் சிலாங்கூர் அரசாங்கம் 2021 செப்டம்பரில் கைவிட்டபோது, நானும் உங்களோடு சேர்ந்து மகிழ்ந்தேன். 2013 ஜூன் மாதம் நடக்கவேண்டிய கோலாலம்பூர் மாரத்தான் புகையினால் செப்டம்பருக்குத் தள்ளிவைக்கப்பட்டது. 2015 அக்டோபர் 4ஆம் தேதி நடக்கவேண்டியது அடியோடு ரத்தாயிற்று. மாதக்கணக்கில் பயிற்சி செய்தவர்கள் அன்று பட்ட ஏமாற்றத்தை நான் அறிவேன். ஆனாலும் நடத்துபவர்கள் செய்தது விவேகமான காரியம். மழைநீர் தோலோடு நின்றுவிடும். புகையோ, நெடிது மூச்சிழுத்து ஓடுகிறவனின் நெஞ்சுக்குள்ளே ஆழமாகச் சென்று தங்கிவிடும். காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு நூறைத் தாண்டிய நாட்களில் நீங்கள் வைராக்கியமாக ஓடுவதை நான் வைராக்கியம் என்று ஒப்புக்கொள்ளமாட்டேன்.

மூன்றாவது, சாலையில் வரும் வாகனம். அதைச் சுருக்கமாகவே சொல்கிறேன். 2017 டிசம்பரில் கிள்ளான் நகரத்து மாரத்தானில் அதிகாலை இருட்டில் ஓடிக்கொண்டிருந்த மூவரைக் கார் ஒன்று மோதிக் காயப்படுத்திற்று. அமைப்பாளர்கள் இருக்கும் ஓட்டத்திலேயே அப்படி நடந்தது. மழைத்தாரையில் முன்னால் இருப்பது எதுவும் சரியாகத் தெரியாத ஓட்டுநருக்குத் தனியே ஓடும் ஒருவனைக் காட்டிலும், பிரதிபலிக்கும் பட்டை அணிந்து சேர்ந்து ஓடும் நால்வர் எளிதாகக் கண்ணில் படுவார்கள். இதைப் பெண் பிள்ளைகளின் விஷயத்தில் இன்னும் அழுத்திச் சொல்வேன். நம் வீடுகளில் மகன் விடியுமுன் ஓடப் போனால் ஆரோக்கியம் என்பார்கள். மகள் போனால் வாசலில் நின்று காரணம் கேட்பார்கள். அந்தத் தடையை மீறி வந்திருக்கும் சகோதரிகள் உங்கள் கூட்டத்தில் இருக்கிறார்கள். பாதி வழியில், இருட்டில், மழையில் அவர்களைத் தனியே விட்டுவிட்டு நீங்கள் முன்னேறிப் போனால், அந்தத் தாய்மாரின் அச்சத்துக்கு நீங்களே சாட்சி சொன்னவர்கள் ஆவீர்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்தக் கதவு திறவாது.

நம் மூத்தோர் இந்த வட்டாரத்துச் சாலைகளில் எப்படி நடந்தார்கள் என்பதையும் நீங்கள் நினைத்துப் பார்க்க வேண்டும். 1941ஆம் ஆண்டிலே கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நம்மவர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். கூலி உயர்வு, பிள்ளைகளுக்குக் கல்வி, கள்ளுக்கடை மூடல் என்ற கோரிக்கைகளோடு, வெள்ளைக்காரத் துரையும் கிராணியும் எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற அவமானத்தை நீக்க வேண்டும் என்பதும் சேர்ந்திருந்தது. சாலையிலே நிமிர்ந்து செல்லும் உரிமைக்காக அவர்கள் போராடினார்கள். தமிழ் நேசன் பத்திரிகையில் பணிபுரிந்தவரும் அவர்களை முன்னின்று நடத்தியவருமான ஆர். எச். நாதன் கைதானபோது, அவரை விடுவிக்கக் கோரித் தோட்டம் தோட்டமாகத் திரண்டார்கள், துருப்புகள் சுட்டன, சிலர் மாண்டார்கள், நாதன் நாடு கடத்தப்பட்டார். அன்று அவர்கள் ஒருவரையொருவர் விட்டு விலகி ஓடியிருந்தால் அந்தப் போராட்டம் ஒரு நாள்கூட நின்றிராது. இன்று அதே சாலைகளில், எவருக்கும் வழிவிட்டு இறங்க வேண்டிய அவசியமின்றி, விரும்பிய வேகத்தில், விரும்பிய தூரம் நீங்கள் ஓடுகிறீர்கள்.

தைப்பூசத்தை ஒட்டி வரும் இரவொன்றில், கோலாலம்பூர் மகாமாரியம்மன் கோவிலிலிருந்து புறப்படும் வெள்ளி ரதத்தின் பின்னே பத்துமலை வரையில் வெறுங்காலோடு நடந்து செல்பவர்களை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். உங்களில் சிலர் நடந்தும் இருக்கிறீர்கள். தூறல் விழுந்தால் யாராவது வீட்டுக்குத் திரும்புகிறார்களா? காவடி எடுப்பவர் சோர்ந்தால் உடன் வருபவர்கள் நின்று, முக்காலியிலே உட்காரவைத்து, காலைப் பிடித்துவிட்டு, பாட்டுப் பாடி எழுப்பி நடத்திச் செல்கிறார்கள். அவரை விட்டுவிட்டுத் தாங்கள் முன்னே சென்று படியேறியவர்கள் எவரும் இல்லை. உங்கள் பாட்டிமார் மழைக்கு அஞ்சுவது மெய்தான். ஆயினும் அந்த ஓரிரவில் அவர்களே முன்னால் நிற்பார்கள். நெடுந்தூரம் செல்வதற்குரிய ஒழுக்கம் நமக்குப் புதியதல்ல. அதை நீங்கள் ஓட்டச் சட்டை அணிந்தவுடன் மறந்துவிடுகிறீர்கள் என்பதே என் ஆதங்கம்.

வேகத்தை நான் வெறுக்கிறேன் என்று எண்ணவேண்டாம். 1985ஆம் ஆண்டு ஜக்கர்த்தாவில் ஆசியத் தடகளப் போட்டியின் 800 மீட்டரில் பி. ராஜ்குமார் தங்கம் வென்ற செய்தியையும், 1990களில் 5,000, 10,000 மீட்டர் ஓட்டங்களில் எம். ராமச்சந்திரன் தேசியச் சாதனைகள் படைத்த செய்தியையும் வகுப்பிலே மீண்டும் மீண்டும் சொல்லி உங்களை ஊக்கியவன் நான். உங்களுக்குள் அவ்விதத் திறமை உள்ளவர்கள் இருந்தால், அவர்கள் தடத்துக்குப் போகட்டும், பயிற்சியாளரிடம் போகட்டும், கடிகாரத்தோடு மல்லுக்கு நிற்கட்டும். நான் வாசலில் நின்று வாழ்த்துவேன். நண்பர்களோடு சேர்ந்து ஓடுகிறோம் என்று பெயர் சொல்லிப் புறப்படும் ஓட்டத்தில் மட்டும் அந்தப் பெயரைக் காப்பாற்றுங்கள் என்கிறேன்.

ஆதலால் உங்களிடம் நான் வேண்டுவது இது. வரப்போகும் மழைக்கால ஓட்டத்துக்குப் பெயர் கொடுப்பதற்கு முன்பு, ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஓடி முடித்தபின், வழக்கமாகத் தேநீர் குடிக்கும் கடையில் எல்லோரும் ஒன்றாக உட்காருங்கள். நால்வர் நால்வராகப் பிரிந்துகொள்ளுங்கள். வேகமானவர்கள் ஒரு பக்கம், மெதுவானவர்கள் ஒரு பக்கம் என்று பிரியாமல், ஒவ்வொரு நால்வரிலும் மிக மெதுவாக ஓடுபவர் ஒருவரும், பாதை அறிந்தவர் ஒருவரும் இருக்கும்படி பாருங்கள். அந்த நால்வரின் வேகத்தை அவர்களுள் மெதுவானவரே வகுக்கட்டும். ஒருவருக்குக் கால் பிடித்தால் மூவரும் நிற்க வேண்டும் என்பதையும், முப்பது விநாடிக் கணக்கில் இடி கேட்டால் எவரையும் கலந்துகொள்ளாமல், வாதாடாமல், நால்வரும் அப்போதே கட்டடத்துக்குள்ளோ காருக்குள்ளோ ஒதுங்க வேண்டும் என்பதையும், ஒருவர் விலக நேர்ந்தால் அவரை மருத்துவ முகாமிலோ காரிலோ கொண்டுபோய்ச் சேர்க்காமல் மற்றவர் முடிவுக் கோட்டைத் தாண்டலாகாது என்பதையும் அங்கேயே பேசி உறுதி செய்துகொள்ளுங்கள். மழை கொட்டும்போது, மூச்சு இரைக்கும்போது, இன்னும் பத்துக் கிலோமீட்டர் இருக்கும்போது இந்தப் பேச்சைத் தொடங்கினால் நியாயம் தோன்றாது. முன்பே பேசியிருந்தால் அப்போது யோசிக்க வேண்டியதே இராது.

உங்களில் சிலருக்கு இதனால் அரை மணி நேரம் நஷ்டமாகலாம். ஓட்டம் முடியும் நேரத்துக்கு வரம்பு இருக்கிறது. அது கடந்துவிட்டால் பதக்கமும் கிடைக்காமற் போகலாம். அதையும் தெரிந்துகொண்டே கேட்கிறேன். அவ்விதம் பதக்கமின்றித் திரும்பி வரும் நால்வரைப் பந்திங்கில் வரவேற்க நான் நிற்பேன். உங்கள் பெற்றோரையும் அழைத்துவந்து நிறுத்துவேன்.

அந்தக் கூட்டத்துக்கு வருமுன் இன்னொரு காரியமும் உண்டு. பேருந்து நிறுத்தத்தில் தனியே உட்கார்ந்திருந்த அந்தப் பிள்ளையின் வீடு உங்களுக்குத் தெரியும். தொலைபேசியில் இரண்டு வரி எழுதி அனுப்பிவிட்டு இருந்துவிடாதீர்கள். உங்களில் அவனைத் தாண்டி வந்தவர்கள் நேரிலே சென்று, அவன் தாயாரிடமும் பேசி, அவனை அழைத்துக்கொண்டு வாருங்கள். அவன் எந்த நால்வரில் சேர விரும்புகிறானோ அந்த நால்வரில் அவனே முதலில் இடம் எடுத்துக்கொள்ளட்டும். மற்றவர்களின் பெயரை அதற்குப் பின் எழுதுங்கள்.